திருந்திவிட்டு வா

1717ஆம் ஆண்டு மே மாதம் எடின்பரோவில் கூடிய ஸ்காட்லாந்து திருச்சபையின் பொதுப்பேரவைக்கு ஒரு முறையீடு வந்தது. முறையிட்டவர் வில்லியம் கிரெய்க், போதக ஊழியத்துக்குப் படித்து முடித்த இளைஞர். ஆக்டரார்டர் என்ற சிற்றூரைச் சுற்றியிருந்த சபைகளை மேற்பார்த்து வந்த பிரெஸ்பிட்டரி, அவருக்குப் பிரசங்க உரிமம் கொடுக்கும்போது வழக்கமான கேள்விகளோடு தானே வடித்த ஒரு வாசகத்தையும் நீட்டி, இதை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தது. கிறிஸ்துவிடம் வருவதற்காக முதலில் பாவத்தை விட்டொழிக்க வேண்டும் என்று போதிப்பது சரியான உபதேசம் ஆகாது என்பது அந்த வாசகத்தின் சாரம். கிரெய்க் முதலில் சம்மதித்தார். பிறகு மனம் உறுத்தியது. பிரெஸ்பிட்டரி உரிமச் சான்றைத் தராமல் நிறுத்தி வைக்க, அவர் பேரவைக்குப் போனார்.

பேரவை கிரெய்க்கின் பக்கம் நின்றது. அந்த வாசகம் பிழையானது, மிகவும் அருவருக்கத்தக்கது என்று தீர்மானம் போட்டது. அதே கூட்டத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழக இறையியல் பேராசிரியர் ஜான் சிம்சன் மீதான விசாரணையும் முடிவுக்கு வந்தது. மனிதனின் இயல்பான அறிவுக்கு அளவு மீறி இடம் கொடுக்கிறார் என்பது அவர் மீதிருந்த குற்றச்சாட்டு. இனிமேல் கவனமாகப் பேசுங்கள் என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தார்கள். மனிதனை உயர்த்தியவருக்கு மென்மை, கிருபையை உயர்த்தியவர்களுக்குக் கடுமை. அவையில் இருந்த சிலருக்கு இந்த வித்தியாசம் நெஞ்சில் தைத்தது.

பாவத்தை விடச் சொல்லாதே என்று ஒரு திருச்சபை மன்றமே போதிப்பதா? முதல் தடவை கேட்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். வாசகத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தால், பாவத்தோடு இருந்துகொள் என்று அதில் எங்கும் இல்லை என்பது தெரியும். விட வேண்டும். ஆனால் எப்போது? வருவதற்கு முன்பா, வந்த பிறகா? முன்னூறு ஆண்டுகளுக்கு முன் குளிர் நாட்டில் கறுப்பு அங்கி அணிந்த போதகர்கள் மல்லுக்கு நின்றது இந்த வரிசைக்காகத்தான். அந்தச் சண்டையைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, என் வாழ்க்கையில் நான் பார்த்த எத்தனையோ கதவடைப்புகளை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே நான் விளங்கிக்கொள்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கு முந்தின நாள் மாலை ஆயத்த ஆராதனை. உன்னை நீயே சோதித்துப் பார், யாரோடும் மனஸ்தாபம் இருந்தால் தீர்த்துக்கொள் என்று ஐயர் சொல்வார். நல்ல வழக்கம்தான். ஆனால் என் அத்தை பல வருஷம் திருவிருந்து எடுக்காமலே இருந்தார். பங்கு பிரித்ததில் அவருக்கும் மதினிக்கும் வந்த சண்டை ஆறவில்லை. எல்லாரும் வரிசையாக எழுந்து பீடத்தின் முன் முழங்காலிடப் போகும்போது அத்தை மட்டும் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு பாயிலேயே உட்கார்ந்திருப்பார். ஏன் அத்தை போகவில்லை என்று கேட்டால், “மனசு இன்னும் சரியாகலய்யா. சரியானதும் போயி எடுக்கேன்” என்பார். அவரிடம் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. திருவிருந்தை அவ்வளவு கனமாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. ஆனால் எது அவர் மனதைச் சரியாக்கியிருக்குமோ அதற்கு எட்டவே உட்கார்ந்துகொண்டுதான் அவர் மனது சரியாவதற்குக் காத்திருந்தார்.

இதே வாக்கியம் வீடுகளுக்குள் வேறு குரலில் ஒலிக்கும். படிப்பைப் பாதியில் விட்ட மகனிடம், கடனாளியாகி நிற்கும் மருமகனிடம், யாரையோ நம்பிப் போய்த் திரும்பி வந்து வாசலில் நிற்கும் மகளிடம்: முதலில் திருந்து, அப்புறம் பார்க்கலாம். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அன்பு இல்லாதவர்களும் இல்லை. கதவைத் திறந்து வைத்தால் திருந்துவதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். எடின்பரோ பேரவையும் அதைத்தான் நம்பியது.

அன்றைய அவையில் தாமஸ் பாஸ்டன் என்ற போதகர் இருந்தார். வயது 41. ஸ்காட்லாந்தின் தென் எல்லையில், ஆடு மேய்க்கும் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் எட்ரிக் சபையின் போதகர். கூச்ச சுபாவம். அவையில் எழுந்து அவர் வாதாடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிரீஃப் ஊர்ப் போதகர் ஜான் டிரம்மண்டிடம் தன் மனதில் இருந்ததைச் சொன்னார். சொல்லும்போது ஒரு பழைய புத்தகத்தின் பெயரையும் சொன்னார். ‘தி மாரோ ஆஃப் மாடர்ன் டிவினிட்டி’. டிரம்மண்ட் அதைத் தேடிப் பிடித்தார். அது கைமாறி கார்னக் சபையின் ஜேம்ஸ் ஹாக் கைக்கு வந்து, 1718இல் அவருடைய முன்னுரையோடு மறுபதிப்பானது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் ஸ்காட்லாந்தில் போதகர்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் புத்தகம்தான் பேச்சு. சுருக்கமாக ‘மாரோ’ என்பார்கள். சண்டைக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பாஸ்டனுக்கு அந்தப் புத்தகம் கிடைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. எட்ரிக்குக்கு வருவதற்கு முன், 1700ஐ ஒட்டி, சிம்ப்ரின் என்ற மிகச் சிறிய சபையில் அவர் இளம் போதகர். கிருபையைப் பற்றிப் பிரசங்கிக்கிறார்; ஆனால் தனக்கே பிடிபடவில்லை என்ற தவிப்பு. சபை மக்களில் ஒருவர் வீட்டுக்குப் போனபோது ஜன்னலுக்கு மேல் இரண்டு சிறிய புத்தகங்கள் கண்ணில் பட்டன. அந்த வீட்டுக்காரர் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்தவர். போர்க்களத்திலிருந்து திரும்பும்போது அவற்றைக் கொண்டு வந்திருந்தார். ஒன்று ஜான் சால்ட்மார்ஷ் எழுதியது; பாஸ்டனுக்கு அது பிடிக்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார். மற்றொன்று ‘மாரோ’. அதை விலைக்கு வாங்கிக்கொண்டார். ஒரு சிப்பாயின் மூட்டையில் வந்து, ஜன்னல் மேல் தூசி படிந்து கிடந்த புத்தகம், ஒரு போதகரின் பிரசங்கத்தை மாற்றி, பிறகு ஒரு நாட்டின் திருச்சபையையே கலக்கியது.

‘மாரோ’ 1645இல் லண்டனில் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 1649இல். ஆசிரியர் பெயர் ஈ.எஃப். என்று மட்டும் இருக்கும். எட்வர்ட் ஃபிஷர் என்பவர்தான் அவர் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. நான்கு பேர் பேசிக்கொள்ளும் உரையாடலாக எழுதப்பட்ட நூல். கட்டளைகளைக் கைக்கொள்வதால் தேவனுக்கு ஏற்றவனாகலாம் என்று நம்பும் நோமிஸ்டா. கிருபை வந்த பிறகு கட்டளைகளுக்கு வேலையே இல்லை என்று சொல்லும் ஆன்டிநோமிஸ்டா. இருவருக்கும் இடையில் குழம்பி நிற்கும் இளம் விசுவாசி நியோஃபைட்டஸ். மூவருக்கும் பதில் சொல்லும் போதகர் எவாஞ்சலிஸ்டா. இந்த நான்கு பேரும் ஒருவருக்குள்ளேயே இருக்க முடியும் என்பது படிக்கப் படிக்கத் தெரிகிறது. திங்கள்கிழமை நான் நோமிஸ்டா. சனிக்கிழமை ராத்திரி ஆன்டிநோமிஸ்டா. ஞாயிறு காலை நியோஃபைட்டஸ்.

நூலின் நடுநாடியாக ஒரு விஷயம் ஓடுகிறது. கிறிஸ்துவிடம் வரும் உரிமை யாருக்கு? நல்லவர்களுக்கு என்று அந்தக் காலத்திலும் எந்தச் சீர்திருத்தப் போதகரும் சொல்லமாட்டார். ஆனால் பலர் நயமாக ஒரு படியை இடையில் வைத்தார்கள்: தன் பாவத்தை உணர்ந்து, அதற்காக நொந்து, அழுது, அதை வெறுக்கத் தொடங்கியவர்களுக்கே அழைப்பு. ‘மாரோ’ அந்தப் படியையும் எடுத்துவிடுகிறது. அழைப்பு மனிதர் எல்லாருக்கும், இருக்கிற நிலையிலேயே. நீ எவ்வளவு அழுதாய் என்று யாரும் அளக்க மாட்டார்கள். கண்ணீரும் நுழைவுச்சீட்டு அல்ல.

எங்கள் பக்கத்து எழுப்புதல் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும். சுற்றி எல்லாரும் கதறி அழும்போது கண்ணில் ஒரு சொட்டும் வராமல் நிற்கிற பதினாறு வயதுப் பையனின் பயம் எப்படிப்பட்டது என்று நான் அறிவேன். எனக்கு மட்டும் ஏன் அழுகை வரவில்லை, எனக்கு இரட்சிப்பு இல்லையோ என்ற பயம். புண்ணியம் செய்து சேர் என்று சொல்வதை விட்டுவிட்டோம் என்று பெருமைப்படும் ஒரு மார்க்கம், அந்த இடத்தில் உணர்ச்சியைச் சேர் என்று சொல்லத் தொடங்கினால், சுமை குறைந்ததாகுமா? கையால் செய்ய வேண்டிய வேலையையாவது செய்து முடிக்கலாம். உள்ளத்தில் ஒரு உணர்வை வரவழைப்பது நம் கையில் இருக்கிறதா?

நியாயப்பிரமாணத்தை ‘மாரோ’ தள்ளிவிடவில்லை. பத்துக் கட்டளைகள் அப்படியேதான் இருக்கின்றன. யார் கையிலிருந்து வாங்குகிறோம் என்பதில் மட்டும் மாற்றம். நீதிபதியின் கையிலிருந்து வாங்கினால் அது தீர்ப்புக்கான பட்டியல், தவறினால் தண்டனை. ஏற்கனவே உன்னைச் சேர்த்துக்கொண்டவரின் கையிலிருந்து வாங்கினால் அதே பட்டியல் நடப்பதற்கான வழி. தவறினால் கண்டிப்பு உண்டு, வீட்டை விட்டுத் துரத்துவது இல்லை. பாஸ்டனும் அவர் நண்பர்களும் உயிரைக் கொடுத்துக் காத்தது இந்த வேறுபாட்டைத்தான். மறுபக்கத்தாருக்கு இது நூலிழை வேறுபாடாகவும் ஆபத்தான வேறுபாடாகவும் தெரிந்தது.

மறுபக்கத்தில் முன்னால் நின்றவர் ஜேம்ஸ் ஹேடோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் செயின்ட் மேரி கல்லூரியின் முதல்வர். 1719 ஏப்ரலில் ஃபைஃப் சினாடின் முன் அவர் செய்த பிரசங்கத்திலிருந்துதான் எதிர்ப்பு வலுத்தது. இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பலர் ஹேடோவைக் கல்நெஞ்சக்காரராகக் காட்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் பயம் பொய்ப் பயம் அல்ல. மன்னிப்பு ஏற்கனவே உனக்காகக் காத்திருக்கிறது என்று கேட்டவுடன் அதோடு நின்றுவிடுகிற மனிதர்களை எந்தப் போதகரும் பார்த்திருப்பார். நானும் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு முன்பே இங்கிலாந்தின் போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டர் இதே பயத்தை அனுபவித்திருந்தார். 1645 முதல் 1647 வரை, உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றப் படையில் குருவாக இருந்த சமயத்தில், விசுவாசியை நியாயப்பிரமாணம் கட்டுப்படுத்தாது என்று போதிக்கிறவர்களின் செல்வாக்கைச் சிப்பாய்களிடையே கண்டு அரண்டு போனார். அந்த அதிர்ச்சியோடு 1649இல் நீதிமானாக்கப்படுதல் பற்றி ஒரு நூல் எழுதினார். விசுவாசமும் மனந்திரும்புதலும் கீழ்ப்படிதலும் சேர்ந்து சுவிசேஷத்தின் புதிய பிரமாணம் போல ஆகிவிட்டன அவர் கையில். ஆக, ஒரே போர். அதில் ஒரு குரு, கிருபை அளவு மீறிப் போய்விட்டது என்று பயந்து நிபந்தனைகளை எழுதினார். ஒரு சிப்பாய், நிபந்தனையற்ற கிருபையைச் சொல்லும் புத்தகத்தை மூட்டையில் கட்டி ஊருக்குக் கொண்டு போனார். லூத்தருக்கும் இதே பயம் வந்தது. விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறோம் என்று உலகுக்குச் சொன்னவர், 1537இல் தன் பழைய நண்பர் யோகான் அக்ரிகோலா, சபையில் நியாயப்பிரமாணத்தைப் பிரசங்கிக்கவே வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தபோது, அவருக்கு எதிராக வாதுரைகள் எழுத வேண்டியிருந்தது.

1720 மே 20ஆம் தேதி பேரவை ‘மாரோ’வுக்குத் தடை விதித்தது. எந்தப் போதகரும் பிரசங்கத்திலோ எழுத்திலோ பேச்சிலோ அதைப் பரிந்துரைக்கக் கூடாது. யார் கையிலாவது இருந்தால் படிக்க வேண்டாம் என்று எச்சரிக்க வேண்டும். அடுத்த ஆண்டு 12 போதகர்கள் சேர்ந்து இந்தத் தடையை நீக்கக் கோரி மனுக் கொடுத்தார்கள். பாஸ்டன், ஹாக், எபெனேசர் எர்ஸ்கின், அவர் தம்பி ரால்ஃப் எர்ஸ்கின் எல்லாரும் அதில் உண்டு. அவர்களிடம் 12 கேள்விகள் கேட்கப்பட்டன. எழுத்தில் பதில் கொடுத்தார்கள். 1722இல் பேரவை தடையை உறுதி செய்து, பன்னிரண்டு பேரையும் முன்னால் நிறுத்திக் கண்டித்தது. யாருடைய ஊழியமும் பறிக்கப்படவில்லை. கண்டனத்தை வாங்கிக்கொண்டு, எதிர்ப்பைப் பதிவு செய்ய முயன்றுவிட்டு, தங்கள் சபைகளுக்குத் திரும்பினார்கள். 1726இல் பாஸ்டன் புனைபெயரில், விரிவான குறிப்புகளோடு ‘மாரோ’வை மறுபடி அச்சிட்டார்.

எபெனேசர் எர்ஸ்கின் கிருபையைக் கற்றுக்கொண்டது எந்தக் கல்லூரியிலும் அல்ல. தன் மனைவி ஆலிசனும் தம்பி ரால்ஃபும் பேசிக்கொண்டிருந்ததைத் தற்செயலாகக் கேட்டபோதுதான், அவர்களிடம் இருக்கும் ஏதோ ஒன்று ஊழியக்காரனாகிய தன்னிடம் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. அன்றைய பேரவையில் பெண்களுக்கு இருக்கை இல்லை. ஆனால் அங்கே வாதாடியவர்களில் ஒருவருக்கு இந்தப் பாடத்தை முதலில் சொல்லிக் கொடுத்தது ஒரு பெண்ணின் பேச்சு.

வரிசையைப் பொறுத்தவரை நான் பன்னிரண்டு பேரின் பக்கம். சேர்த்துக்கொண்ட பிறகுதான் மனிதர் மாறுகிறார்கள். மாறினால் சேர்த்துக்கொள்வேன் என்பது பெரும்பாலும் நடக்காத காரியம். இப்படித் தெளிவாகச் சொல்லிவிடலாம். ஆனால் என் குடும்பத்தில் நடந்த ஒன்று என்னை இன்னும் கொஞ்சம் யோசிக்க வைத்தது.

பெரியப்பா மகன் ஒரு அண்ணன். குடி. குடியை விட்டுவிட்டு வா, அதுவரை இந்தப் படி ஏறாதே என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அண்ணன் தூத்துக்குடியில் லாரி செட்டுகளில் வேலை பார்த்துக்கொண்டு ஏதோ ஒரு அறையில் கிடந்தார். பெரியப்பா படுக்கையில் விழுந்தபோது பெரியம்மா ஆள் அனுப்பி மகனை வரவழைத்தார். எந்தப் பேச்சும் இல்லை, எந்தச் சத்தியமும் வாங்கவில்லை. நாங்கள் எல்லாரும் நெகிழ்ந்து போனோம். இனி மாறிவிடுவார் என்று நம்பினோம். அவர் மாறவில்லை. சில மாதம் நிறுத்துவார், மறுபடி தொடங்குவார். மெல்ல மெல்ல எங்கள் நெகிழ்ச்சி புளித்தது. “இவ்வளவு செஞ்சும் இப்படி இருக்கானே” என்று சித்தப்பாக்களும் அத்தைமாரும் பேச ஆரம்பித்தார்கள். நானும் பேசினேன்.

அந்த ‘இவ்வளவு செஞ்சும்’ தான் என்னை யோசிக்க வைத்தது. நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொண்டோம் என்று நினைத்திருந்தோம். உண்மையில் நிபந்தனையைத் தள்ளி வைத்திருந்தோம், அவ்வளவுதான். முன்பணமாகக் கேட்காததைத் தவணையில் கேட்டோம். கதவைத் திறந்தது அவருக்காகவா, அவரைத் திருத்துவதற்கான ஒரு உத்தியாகவா? உத்தியாக என்றால் அது பலிக்காதபோது கோபம் வரும், வந்தது. கிருபையைக் கருவியாகப் பிடித்தால் அதன் மறுமுனையில் நியாயப்பிரமாணமே இருக்கிறது. பெரியம்மா மட்டும் கடைசி வரை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. மகன் குடித்துவிட்டு வந்த ராத்திரிகளில் திட்டுவார், அழுவார், காலையில் இட்லி அவித்து வைப்பார். செய்ததை எண்ணி வைக்கவில்லை. அண்ணன் இன்றும் முழுக்க விட்டபாடில்லை. அதனால் பெரியம்மா செய்தது வீண் என்று யாராவது சொன்னால், அவர்கள் ஹேடோ பக்கத்திலிருந்துகூடப் பேசவில்லை. வெறும் லாபநஷ்டம் பேசுகிறார்கள்.

இந்த இடத்தில் பாஸ்டனின் சொந்த வாழ்க்கை எனக்குத் துணைக்கு வருகிறது, கூடவே உறுத்தவும் செய்கிறது. அவருக்குப் பிறந்த பத்துக் குழந்தைகளில் ஆறு பேரை அவரே அடக்கம் செய்தார். எபெனேசர் என்று பெயரிட்ட பிள்ளை இறந்தது, அடுத்துப் பிறந்த மகனுக்கும் மனம் தளராமல் அதே பெயரை வைத்தார், அவனும் இறந்தான். மனைவி காதரின், பாஸ்டனுடைய கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கடுமையான மன நோயில் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அந்த மனைவியைப் பற்றி அவர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கும் விதத்தில் ஒரு குறைச்சொல் கிடையாது. எழுந்து எதையும் செய்து காட்ட முடியாமல் நோயில் கிடக்கும் ஒருவர் பக்கத்து அறையில் இருக்கும்போது, அழைப்புக்கு எந்தத் தகுதியும் வேண்டாம் என்ற உபதேசம் அவருக்கு ஏட்டுச் சுரைக்காயாக இருந்திருக்க முடியாது.

ஆனால் இதே பாஸ்டன் 1707இல் எட்ரிக்குக்கு வந்ததும் மூன்று ஆண்டுகள் திருவிருந்தே நடத்தவில்லை. மக்கள் ஆயத்தமாக இல்லை என்பது அவர் கணிப்பு. 1710இல் முதல் தடவை நடத்தியபோது, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசிப் பார்த்துத்தான் சேர்த்தார்; பங்கு பெற்றவர்கள் 57 பேர். அன்றைய ஸ்காட்லாந்தில் திருவிருந்துக்கு வருகிறவர்களுக்கு ஈயத்தில் வார்த்த சிறு வில்லைகள் கொடுக்கப்படும். போதகரும் மூப்பர்களும் விசாரித்துத் தகுதி என்று கண்டால்தான் கையில் வில்லை. மேசைக்கு முன்னால் அதை ஒப்படைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். வருவதற்குத் தகுதி வேண்டாம் என்று பிரசங்க மேடையில் சொன்னவர், மேசையருகே வில்லையை வாங்கிப் பார்த்தார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. கிறிஸ்துவிடம் வருவது வேறு, சபையின் பந்தியில் அமர்வது வேறு என்று அவர் விளக்கியிருப்பார். அந்த விளக்கத்தில் நியாயம் உண்டு. 1731இல் அவர் கடைசியாக நடத்திய திருவிருந்தில் 777 பேர் பங்கு பெற்றார்கள், அந்தக் குன்றுகளுக்கு அது பெரும் கூட்டம். அடுத்த வசந்தத்தில் ஆலயத்துக்கு நடந்து போகவே உடம்பில் தெம்பில்லை. வீட்டு ஜன்னலில் நின்றுகொண்டு வெளியே கூடியிருந்த மக்களுக்குப் பிரசங்கம் செய்தார். கடைசி இரண்டு ஞாயிறுகளிலும் எடுத்துக்கொண்ட பொருள், நீங்கள் விசுவாசத்தில் இருக்கிறீர்களா என்று உங்களைச் சோதித்துப் பாருங்கள் என்பது. 1732 மே 20இல் இறந்தார். ‘மாரோ’ தடை செய்யப்பட்ட அதே தேதி, பன்னிரண்டு வருஷம் கழித்து.

சோதித்துப் பார்க்க என்னிடம் என்ன இருக்கிறது? என் விசுவாசம், என் மாற்றம், என் அன்பு. அதாவது மறுபடியும் நான். தகுதி பாராமல் சேர்த்துக்கொள்ளப்பட்டேன் என்று நம்புகிறவனும், உண்மையிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டேனா என்று அறியத் தன்னையே கிளறிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறான். முன்வாசல் வழியாக வெளியே போன கணக்குப் புத்தகம் புழக்கடை வழியாக உள்ளே வருகிறது. சீர்திருத்தச் சபைகளின் வரலாறு முழுக்க இந்தப் போக்குவரத்து நின்றதே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடின்பரோ நியூ காலேஜில் எபிரெயப் பேராசிரியராக இருந்த ஜான் டங்கனைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். திருவிருந்தில் கிண்ணம் கைமாறி வரும்போது ஒரு பெண் அழுதுகொண்டே அதைத் தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளினாளாம். எடுத்துக்கொள் அம்மா, இது பாவிகளுக்குரியதுதான் என்றாராம் அவர். இத்தனைக்கும் தன் இரட்சிப்பைப் பற்றிய சந்தேகத்தில் வாழ்நாளெல்லாம் அல்லாடியவர் அவர். தனக்குச் சொல்லிக்கொள்ள முடியாததை இன்னொருவருக்குச் சொல்ல முடிந்தது. ஒருவேளை இது இப்படித்தான் நடக்க முடியும் போலிருக்கிறது: உள்ளே தேடினால் கிடைக்காது, வெளியிலிருந்து ஒருவர் சொல்லிக் காதில் விழ வேண்டும். எங்கள் ஊர் ஆயத்த ஆராதனைகளில் என் அத்தைக்கு உன்னைச் சோதித்துப் பார் என்று சொல்ல ஆள் இருந்தது. எடுத்துக்கொள் என்று சொல்ல யாரும் எழுந்து போகவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஹேடோவின் பக்கம் நான் போய் நிற்கிற ஒரு இடம் இருக்கிறது. மனைவியை அடித்துக் கையை முறித்த ஒருவன், சில வாரம் கழித்து ஆலயத்தில் கண்ணீரோடு சாட்சி சொல்கிறான். சபை நெகிழ்கிறது. பெரியவர்கள் அந்தப் பெண்ணிடம் போய், கர்த்தரே மன்னித்துவிட்டார், நீயும் மன்னித்து வீட்டுக்குப் போ என்கிறார்கள். கிருபை என்ற சொல்லை வைத்து இதைவிடக் கொடிய காரியம் செய்ய முடியுமா? அவனுக்குக் கொடுக்கப்பட்ட கிருபைக்கு அவள் உடம்பில் விலை வாங்கப்படுகிறது. பெரியம்மா தன் மகனுக்குத் திறந்தது தன் சொந்தக் கதவை. இங்கே சபை திறந்துவிடுவது அடுத்தவள் வீட்டுக் கதவை.

லூத்தர் நியாயப்பிரமாணத்துக்குச் சொன்ன பயன்களில் முதலாவது, தீமை செய்கிறவன் கையைப் பிடித்து நிறுத்துவது. அதற்கு இரட்சிப்போடு சம்பந்தமில்லை. பலவீனரைக் காப்பதோடுதான் சம்பந்தம். ஸ்காட்லாந்தின் ஊர்ச் சபை மன்றங்கள் திருமணம் ஆகாமல் கர்ப்பமான பெண்களை ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லார் முன்னும் மனந்திரும்புதல் இருக்கையில் உட்கார வைத்து அவமானப்படுத்தின. அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. அதே மன்றங்கள்தான் அந்தக் குழந்தையின் தகப்பன் யார் என்று விடாமல் விசாரித்துப் பிடித்து, பிள்ளைக்குச் செலவுக்குக் கொடு என்று கட்டாயப்படுத்தின. மனைவியை அடித்தவர்களையும் கூப்பிட்டு நிறுத்திக் கேள்வி கேட்டன. பணமோ செல்வாக்கோ இல்லாத ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு அன்று வேறு எந்த நீதிமன்றம் இருந்தது? கிருபையைப் பேசிய பன்னிரண்டு பேரும் தங்கள் சபைகளில் அந்த மன்றங்களைக் கலைத்துவிடவில்லை.

ஆகவே கைமுறித்தவன் எழுந்து திருவிருந்துக்கு வந்தால், அவன் எவ்வளவு திருந்தியிருக்கிறான் என்று அளந்து பார்க்கும்படி நான் கேட்கமாட்டேன். அந்தக் கிண்ணம் அவனுக்கும்தான். அவன் வீட்டுச் சாவி மனைவியிடமே இருக்கட்டும், காவல் நிலையத்தில் அவள் கொடுத்த புகாரும் அங்கேயே இருக்கட்டும் என்று ஐயரிடம் சொல்வேன். வழக்கு நடக்கட்டும். அவனுக்காக ஜெபிக்கிற பெரியவர்கள், அவள் மருத்துவச் செலவுக்கு என்ன வழி என்றும் அதே கூட்டத்தில் முடிவு செய்துவிட்டு எழுந்திருக்கட்டும்.